மிளகுக்கு வரி உண்டா, இல்லையா? ஒப்பந்தத்தை எங்கே படிப்பது?

3 ஜூன் 2024, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

இந்திய–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். இலங்கையின் மாத்தளையிலிருந்து மிளகு கொண்டுவந்தால் சுங்க வரி பூஜ்யம் என்றுதான் எனக்குப் புரிகிறது. என் கிளியரிங் ஏஜென்டோ, "அப்படியெல்லாம் இல்லை, நூறு நிபந்தனை இருக்கிறது" என்கிறார். ஒப்பந்தம் பொய்யா, ஏஜென்ட் பொய்யா?

3 ஜூன், இரவு

இரண்டும் பொய் இல்லை. நீங்கள் படித்தது 1998-இல் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை. ஏஜென்ட் சொல்வது இன்றைய குடித்தனத்தின் நிலவரம்.

1998 டிசம்பர் 28 அன்று வாஜ்பாயியும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச் 1. ஆனால் கவுன்டரில் இருக்கும் சுங்க அதிகாரியிடம் ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் அதைத் தொடக்கூட மாட்டார். அவரைக் கட்டுப்படுத்துவது 1962 சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் வந்த 26/2000 அறிவிக்கை. பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் அதிலும் இல்லை. அவை 1975 சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் தனி அறிவிக்கையாக வந்தவை. முதலில் இந்த இரண்டையும், வெளிவந்த நாள் முதல் இன்று வரையிலான திருத்தங்களோடு சேர்த்துப் படியுங்கள்.

மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் என்ற அளவு வரம்பு இருக்கிறது. 1998 ஒப்பந்தத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. அது பின்னால் நடந்த பேச்சுகளில் நுழைந்தது. முழு மிளகின் எச்.எஸ். கோடு (சுங்கத்தில் பொருளை அடையாளம் காட்டும் எண்) 0904 12. அதை வைத்துத் தேடுங்கள்.

5 ஜூன்

முந்தாநாள் எழுதியதில் பெரிய ஓட்டை ஒன்றை விட்டுவிட்டேன்.

வரி ஒரு பேரேடு, அனுமதி இன்னொரு பேரேடு. வரியை நிதி அமைச்சகத்தின் அறிவிக்கை தீர்மானிக்கிறது. பொருள் உள்ளே வரலாமா என்பதை வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் அயல்நாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் தீர்மானிக்கிறது. மிளகுக்கு 2017 டிசம்பரில் இந்த இயக்ககம் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் வைத்தது. 2018 மார்ச்சில் அதை இறுக்கி, அதற்குக் கீழான விலையில் வரும் மிளகின் இறக்குமதியையே தடை செய்தது. அதாவது உங்கள் மிளகுக்கு வரி பூஜ்யமாகவே இருக்கலாம். விலை 499 என்றால் கதவு திறக்காது. சரக்கைக் கப்பலில் ஏற்றுகிற நாளில் இந்த நிபந்தனை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

மூன்றாவது பேரேடும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. வித்து, வேர், இலை, காய் எதுவானாலும் அதன் வழியாகத்தான் வர வேண்டும்.

நாம் எல்லோரும் வர்த்தக ஒப்பந்தம் என்றால் வரியை மட்டுமே நினைக்கிறோம். நானும்தான். இருபது ஆண்டுகளாகத் துறைமுக ஊரில் இதே வேலையைப் பார்த்துக்கொண்டும் முதல் பதிலில் அனுமதியை மறந்தேன்.

6 ஜூன்

ஒரு தயாரிப்பு இலங்கைப் பொருளாகக் கணக்கில் வர அங்கே மதிப்புக் கூட்டல் எவ்வளவு வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 35 சதவீதம். வெளிநாட்டு மூலப்பொருள், தயாரிப்பின் எஃப்.ஓ.பி. மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையான விலையில்) 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இந்தியாவிலிருந்து போன மூலப்பொருள் 10 சதவீதம் சேர்ந்தால் இலங்கையின் பங்கு 25 இருந்தால் போதும்.

7 ஜூன்

நேற்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. மிளகுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை! மாத்தளையில் கொடியில் காய்த்த மிளகு "முழுவதும் அந்நாட்டிலேயே பெறப்பட்ட பொருள்". அதற்கு 35-உம் இல்லை, 65-உம் இல்லை. அங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: அது உண்மையிலேயே மாத்தளையில் காய்த்ததா, அல்லது வியட்நாமில் காய்த்து கொழும்பில் சாக்கு மாற்றிக்கொண்டதா? குடகு, கேரள விவசாயிகள் ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்வது இதைப் பற்றித்தான்.

நேற்றைய கணக்கில் இன்னொரு குறையும் இருக்கிறது. 35 சதவீதம் மட்டும் போதாது. உள்ளே போன மூலப்பொருளின் எச்.எஸ். கோடும் வெளியே வந்த பொருளின் கோடும் முதல் நான்கு இலக்கத்தில் மாறியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பிறப்பிடச் சான்று.

10 ஜூன்

வியட்நாம் மிளகு எதற்காகக் கொழும்பு சுற்றி வர வேண்டும் என்று கேட்டால், கதவுகளை எண்ணிப் பாருங்கள். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வந்தால் மிளகுக்கு வரி 70 சதவீதம். வியட்நாமும் இருக்கும் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தம் 2009-இல் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மிளகு, காபி, தேயிலை, பாமாயில் ஆகியவற்றைத் தனிப் பட்டியலில் வைத்து மெதுவாக இறக்கினார்கள். மிளகு 50-இல் நின்றது. தெற்காசிய ஒப்பந்தமான சாஃப்டா வழியாக இலங்கை மிளகுக்கு 8. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் 2,500 டன் வரைக்கும் பூஜ்யம்.

ஒரே மிளகு, ஒரே காரம், நான்கு வரி. 50-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில் யாராவது பாலம் கட்டாமல் இருப்பார்களா?

ஆகவே வர்த்தக ஒப்பந்தத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்து ஒப்பந்தத்தோடு வைத்துப் படியுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

11 ஜூன்

"என்ன அடி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். பொருளின் பெயர் வேண்டாம், ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இலங்கையிலிருந்து ஒரு தயாரிப்பை எடுத்தார். அங்கே செய்பவர் அனுப்பிய கணக்கில் வெளிநாட்டு மூலப்பொருள் 100-க்கு 64. நான் கூட்டிப் பார்த்தேன், சரி என்றேன், வரிச்சலுகை கேட்டு பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவம்) போட்டோம். பெட்டி நின்றுவிட்டது. அந்த 64 என்பது மூலப்பொருள் கப்பல் ஏறிய துறைமுகத்து விலை. விதி கேட்பது வந்து இறங்கிய விலை. கப்பல் கூலியும் காப்பீடும் சேர வேண்டும். சேர்த்தால் 67. விதியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறது. நான் அந்த வரியைப் படித்தும் இருக்கிறேன், பென்சிலால் அடிக்கோடும் போட்டிருக்கிறேன்! முழு வரி, வட்டி, அத்தனை நாளைக்குத் துறைமுக வாடகை. வாடிக்கையாளர் என்னைத் திட்டவில்லை. அடுத்த சரக்கை வேறு ஏஜென்டிடம் கொடுத்தார்.

12 ஜூன்

பிறப்பிடச் சான்று கையில் இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு: 2020 செப்டம்பர் 21-க்கு முன்னால் பெரும்பாலும் போதும். அதற்குப் பிறகு போதாது. சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்கீழ் வந்த விதிகளைத் தொழிலில் "கரோட்டார்" என்போம். இலங்கை வர்த்தகத் திணைக்களம் முத்திரை குத்திக் கொடுத்த சான்று இருந்தாலும், அந்தப் பொருள் அங்கே எப்படிப் பிறந்தது என்ற விவரம் இறக்குமதி செய்பவரின் கையில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

அநியாயம் என்றுதான் சொல்வேன். விற்பவன் தன் அடக்கவிலையை வாங்குபவனுக்குக் காட்டுவானா? கடைத்தெருவில் புடவை வாங்கும்போது நெசவாளிக்கு என்ன கூலி கொடுத்தாய் என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? அதைத்தான் ஒவ்வொரு சரக்குக்கும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூன்

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளை நான் தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறார். உலக வர்த்தக அமைப்பின் பிராந்திய ஒப்பந்தத் தரவுத்தளத்தில் 2001 டிசம்பர் 15 என்று இருக்கிறதாம். பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சுங்க அறிவிக்கையில் 2000 மார்ச் 1. அன்றிலிருந்துதான் சலுகை கொடுத்தார்கள். ஆய்வேட்டில் இரண்டையும் எழுதி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பழைய ஆவணங்களோடு பழகினால் இது சகஜம்.

தேடும்போது இன்னொன்று. இந்த ஒப்பந்தத்தைக் காட் எனப்படும் வரி, வர்த்தகப் பொது ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவின் கீழ் தேடாதீர்கள். வளரும் நாடுகளுக்கென 1979-இல் வந்த சலுகை முடிவின் கீழ்தான் ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்புக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அதனால் ஆவணம் வர்த்தக–வளர்ச்சிக் குழுவின் அடுக்கில் இருக்கிறது. ஆவண எண் டபிள்யூ.டி., சாய்கோடு, சி.ஓ.எம்.டி.டி. என்று தொடங்கும். நான் முதல் முறை வேறு அடுக்கில் ஒரு வாரம் துழாவினேன்.

22 ஜூன்

வனஸ்பதி கதையைச் சொல்லாமல் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவது உப்பில்லாத பண்டம்.

2000-க்குப் பிறகு சில ஆண்டுகளில் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் மளமளவென்று முளைத்தன. இலங்கைக்காரர்கள் வனஸ்பதி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதலீடு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது, விளைந்த சரக்கு இந்தியாவுக்கே திரும்பி வந்தது. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுபோய், ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதியாக்கி, பூஜ்ய வரியில் இந்தியாவுக்குள் விட்டார்கள். பாமாயில் கோடு 1511, வனஸ்பதி கோடு 1516. நான்கு இலக்க மாற்றம் கச்சிதம். 35 சதவீதத்தையும் காகிதத்தில் காட்டினார்கள். ஒரு எழுத்துகூட மீறவில்லை என்பதுதான் அழகு. (மீறியவர்களும் இருந்தார்கள், அது வேறு கதை.)

செம்பும் இதே கதைதான். பழைய செம்பை அங்கே உருக்கி இங்கே அனுப்பினார்கள். புள்ளிவிவரத்தில் இலங்கையின் ஏற்றுமதி எகிறியது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் மேடைகளில் அந்த வளைகோட்டைக் காட்டினார்கள். அந்த ஆண்டுகளின் ஏற்றுமதி எண்ணை எடுத்து "ஒப்பந்தம் வெற்றி" என்று முடிவுரை எழுதிய கட்டுரைகளை இன்றும் பார்க்கிறேன். பொருள்வாரியாகப் பிரித்து, வனஸ்பதியையும் செம்பையும் கழித்துவிட்டு அதே வளைகோட்டை ஒருமுறை வரைந்து பாருங்கள்.

இந்திய வனஸ்பதி ஆலைகள் கூச்சல் போட்டன. கடைசியில் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு விழுந்தது. மிளகுக்கு 2,500 டன், தேங்காய்த் துருவலுக்கு 500 டன் வரம்புகளும் அந்தக் காலத்துப் பேச்சுகளின் பிள்ளைகள்தான். பின்னர் இந்தியாவிலேயே பாமாயில் வரி இறங்கியபோது, அந்த வியாபாரத்தின் உயிர்நாடியே அறுந்துபோனது. ஆலைகள் போன வழி தெரியவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு கமாகூட மாறவில்லை. பக்கத்தில் இருந்த வரி மாறியது.

23 ஜூன்

நேற்று வனஸ்பதியை எழுதி முடித்த பிறகு 12-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். கரோட்டாரை அநியாயம் என்றேன். வனஸ்பதிக் காலத்தில் நான் இந்தியப் பக்கத்து ஆலையில் கூலி வாங்கியிருந்தால் அப்படிச் சொல்வேனா? முத்திரை குத்திய நாட்டுக்கு ஏற்றுமதி பெருகினால் லாபம். நஷ்டம் இந்தப் பக்கம். முத்திரையை மட்டும் நம்பச் சொல்வது கஷ்டம்தான். அந்தச் சுமையைச் சிறு வியாபாரி தலையில் இறக்கிய விதம் தப்பு என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் "அநியாயம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

25 ஜூன்

கொழும்பு நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஏமாற்றுக் கதையை மட்டும் சொல்கிறீர்கள். எங்கள் தேயிலைக்கும் ஆடைக்கும் நீங்கள் செய்தது என்ன?"

நியாயம். தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று சலுகை கொடுத்துவிட்டு, கொச்சியிலும் கொல்கத்தாவிலும்தான் இறக்கலாம் என்றார்கள். ஆடைக்கு 80 லட்சம் உருப்படி. அதில் பெரும் பகுதி இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். கொழும்புக்கு எதிரே தூத்துக்குடி இருக்கக் கொல்கத்தாவுக்கு ஏன் போக வேண்டும்? இவை பின்னால் தளர்ந்தன. ஆரம்பத்தில் விலக்குப் பட்டியல் (சலுகை கிடைக்காத பொருள்களின் பட்டியல்) இந்தியாவுக்கு 429 பொருள், இலங்கைக்கு 1,180 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய நாடு என்பதால் இலங்கைக்கு நீண்ட பட்டியலும் கூடுதல் காலமும் கிடைத்தன: இந்தியா 2003-இல் வரியை நீக்கி முடித்தது, இலங்கை 2008-இல். தாராளம்போலத் தெரியும். கொச்சி, கொல்கத்தாவைப் பார்க்கும்வரை.

அவர் எழுத்தில் நான் ரசித்தது: நாம் "சுங்க வரி", "ஒப்பந்தம்" என்பதை அவர்கள் "தீர்வை", "உடன்படிக்கை" என்கிறார்கள். தீர்வை என்ற சொல் நம் சட்டத் தலைப்புகளிலும் இருக்கிறது, வாயில்தான் இல்லை. தமிழில் தேடுகிறவர்கள் இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள்.

9 ஜூலை

எச்.எஸ். கோடு பற்றி. இது உலகச் சுங்க அமைப்பின் எண்முறை. ஆறு இலக்கம் உலகப் பொது. நம்முடையதில் மேலும் இரண்டு. 1996, 2002, 2007, 2012, 2017, 2022 என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். 1998 ஒப்பந்தத்தின் பட்டியல் 1996 எண்களில் இருக்கும். அதை அப்படியே இன்றைய டாரிஃபில் (சுங்க வரிப் பட்டியலில்) தேடினால் வேறு பொருள் முன்னால் வந்து நிற்கும், அல்லது ஒன்றுமே வராது. பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-க்கு முன்பு "பிற கொட்டைகள்" கூட்டத்தோடு 0802 90-இல் கிடந்தது. 2012-இல்தான் 0802 80 என்று தனி வீடு கிடைத்தது. தாம்பூலத்துக்கு இல்லாத மரியாதையா, இத்தனை தாமதமாக!

எங்கள் ஆபீசில் இருந்த பெரியவர் பட்ஜெட் முடிந்து வரும் தடித்த டாரிஃப் புத்தகத்தை வாங்கியதும், ஒவ்வொரு திருத்த அறிவிக்கையையும் கத்தரித்துக் கோந்து போட்டு உரிய பக்கத்தில் ஒட்டுவார். டிசம்பருக்குள் புத்தகம் இரண்டு மடங்காகப் புடைத்து, கயிறு கட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். எதைக் கேட்டாலும், "முதலில் ஒட்டு இருக்கிறதா பார்" என்பார். இன்று இணையத்தில் அறிவிக்கையின் மூல வடிவத்தை மட்டும் இறக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வரும்.

28 ஜூலை

"இந்த அநீதிகளுக்கெல்லாம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட முடியாதா?"

போடலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். அப்புறம்? மேல்முறையீட்டு அமர்வில் ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு வழக்கைக் கேட்க மூவர் தேவை. புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்துக்கொண்டே வந்ததால் 2019 டிசம்பரில் ஆள் போதாமல் முடங்கியது. 2020 நவம்பரில் கடைசி உறுப்பினரின் காலமும் முடிந்தது. கீழே தோற்றவர் மேலே முறையிட்டுவிட்டால் வழக்கு ஆளில்லாத வீட்டு வாசலில் காத்துக் கிடக்கும். நாமும் இதைச் செய்திருக்கிறோம். சர்க்கரை மானியத்தில் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு செய்தோம். அவ்வளவுதான்.

ஆனாலும் பழைய தீர்ப்புகளைப் படிப்பதை விடாதீர்கள். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அவ்வளவு பொறுமையாகப் பார்த்த எழுத்து வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆமையைக் காக்காமல் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா போட்ட தடையைப் பற்றிய இறால்–ஆமை வழக்கில் இந்தியாவும் ஒரு கட்சி. 1998-இல் வந்தது, எண் டி.எஸ். 58. அழிந்துபோகக்கூடிய இயற்கை வளம் என்றால் பூமிக்கடியில் கிடக்கும் தாதுவா, உயிருள்ள ஆமையும் சேருமா என்று பக்கம் பக்கமாக விவாதித்து, ஆமையும் சேரும் என்றார்கள். எங்கள் கடற்கரையில் இழுவலையில் ஆமை சிக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தீர்ப்பைப் பாதி இரவு உட்கார்ந்து படித்தேன்.

20 ஆகஸ்ட்

12 ஜூன் குறிப்புக்கு ஒட்டு. இந்த ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டத்தில் 28டிஏ பிரிவைத் திருத்தியிருக்கிறார்கள். "பிறப்பிடச் சான்றிதழ்" இருந்த இடத்தில் "பிறப்பிட ஆதாரம்". அரசு அலுவலக முத்திரை இல்லாமல் ஏற்றுமதியாளரே உறுதிமொழி கொடுக்கும் முறையை ஏற்கும் புதிய ஒப்பந்தங்களுக்காக இது. இலங்கைச் சரக்குக்கு முத்திரை போய்விட்டது என்று யாரும் துள்ள வேண்டாம். நேற்று மட்டும் இரண்டு பேர் தொலைபேசியில் துள்ளினார்கள்.

22 மார்ச் 2025

கரோட்டார் விதிகளிலும் அதே சொல் மாற்றம் 18-ஆம் தேதி வந்துவிட்டது. ஆகஸ்டில் சட்டம், மார்ச்சில் விதி. இடையில் ஏழு மாதம் ஒன்று "ஆதாரம்" என்றும் மற்றது "சான்றிதழ்" என்றும் பேசிக்கொண்டிருந்தன.

6 ஏப்ரல் 2025

முதல் குறிப்பில் முழு மிளகுக்கு 0904 12 என்று எழுதியிருக்கிறேன். தவறு. முழு மிளகு 0904 11. 12 என்பது உடைத்த அல்லது பொடித்த மிளகு. பத்து மாதமாக இங்கே வந்த யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கல்லூரிக் கட்டுரைக்காக இதைப் படித்த என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, நீங்களே இந்தக் கோடில் பில் போட்டால் என்ன ஆகும்?" மூட்டையைப் பிரித்ததும் நிறுத்திவிடுவார்கள் என்றேன். கேள்வி கேட்டவர் அந்த எண்ணை எங்கேயும் எழுதிவிடவில்லையே என்று இன்று காலை விசாரித்தேன். அவர் மிளகு எடுக்கவே இல்லையாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிராம்புக்குப் போய்விட்டார். கிராம்புக்கு எங்கே தேடுவது என்று கேட்கிறார்.